டீமேக்கர் ஐயா ருசி பார்த்த புத்தகங்கள்

எங்கள் தோட்டத்து டீமேக்கர் ஐயாவைப் போல இத்தனை புத்தகங்களை வாசிக்கத் தொடங்கியவர் இந்த இலங்கையிலேயே கிடையாது. வாசித்து முடித்தவை? ஒன்றுகூட இல்லை.

ஓப்பநாயக்க டவுனுக்கு மேலே உள்ள எங்கள் தொழிற்சாலையில் காலமெல்லாம் தேயிலைச் சாயத்தைக் கரண்டியில் எடுத்து, ‘ஸ்ர்ர்ப்’ என்று உறிஞ்சி, ருசி பார்த்துத் துப்பியவர். ஓய்வு பெற்றதும் வாசிகசாலை அலுமாரிச் சாவியை அவரிடம் கொடுத்தார்கள். மனிதர் தொழிலை மாற்றிக்கொள்ளவில்லை. முதல் பத்துப் பக்கம், ஒரு ‘ஸ்ர்ர்ப்’, உடனே தீர்ப்பு.

என் மகள் தர்ஷிக்கு எட்டு வயது. சிறுவர் கதைகளைப் பால்பல் விழுவதற்கு முன்பே தீர்த்துவிட்டாள். பிறகு மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுத்தாளைப் பக்கவிளைவுகள் வரை உரக்க வாசித்தாள். நான் ஒரு வாரம் பிரஷர் குளிசையைத் தொடவில்லை. டவுன் கடையில் தமிழில் கிடைப்பது புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள் மட்டும். வேறு வழியின்றி நான் எழுதிய கதை ஒன்றை நீட்டினேன். நின்றபடியே முடித்தாள்.

“அப்பா, கத முடிஞ்சிருச்சா, இல்ல பேப்பர் தீந்துருச்சா?”

மறுநாளே ஐயாவிடம் கூட்டிப் போனேன். கண்ணாடிக்கு மேலாக அவளை அளந்தார்.

“சலிச்சா டஸ்ட்டுலதான் விழும். ஆனா சாயம் கூட” என்றார். ஆள் பொடித்தூள் அளவுதான், ஆனால் கெட்டி என்று அர்த்தம்; அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு. இரண்டு புத்தகங்களை உறிஞ்சிப் பார்த்து, “இன்னும் வாடாத பச்சக் கொழுந்து, புள்ளைக்கு வயித்த வலிக்கும்” என்று திரும்ப உள்ளே வைத்தார். மூன்றாவது, நாய்க்குட்டிக் கதை. ஸ்ர்ர்ப். “நல்ல வாசன. கொண்டு போ பாப்பா.”

“கடைசி வரைக்கும் பாத்தீங்களா ஐயா?”

“டேஸ்ட் பாக்குறவன் முழுங்குவானா தம்பி?”

அடுத்த நாள் சாயங்காலம் வீட்டில் ஒப்பாரி. கடைசி அத்தியாயத்தில் நாய் செத்துப் போகிறது. தேற்றப் போன நான் அந்தப் பக்கத்தை வாசித்தேன். கடைசியில் அவள்தான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். மனைவி பார்த்துவிட்டு, “போயி அந்தாள நாலு வார்த்த கேட்டுட்டு வாங்க” என்று துரத்தினாள்.

தர்ஷி வழியெல்லாம் என் சட்டையை இழுத்தாள். “சத்தம் போடாதீங்க அப்பா. ஐயா அலுமாரிய பூட்டிட்டா நான் எதப் படிக்கிறது?”

நான் கேட்டால்தானே! “என்னா ஐயா, சின்னப் புள்ளைக்குக் குடுக்குற கதையா இது? நாய் செத்துப் போகுது!”

“எந்த நாய்?”

“நீங்க டேஸ்ட் பாத்த நாய்தான்!”

“அந்தக் குட்டியா? செருப்பக் கவ்விக்கிட்டு ஓடுமே?”

“அதேதான்.”

“அனே...” என்று சிங்களத்தில் அங்கலாய்த்து வாங்குப்பலகையில் உட்கார்ந்துவிட்டார். பாவம், அவருக்கு அது இன்னும் பத்தாம் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து அலுமாரியைச் சாத்தினார். “இனிமே நான் புள்ளைகளுக்குப் புத்தகம் குடுக்க மாட்டேன் தம்பி” என்று சாவியைத் துவாரத்தில் நுழைத்தார்.

தர்ஷி குறுக்கே போய் நின்றாள். “நான் ரெண்டு தரம் வாசிச்சேன் ஐயா. அழுதேன், அப்புறம் சோறு தின்னேன். எனக்கு ஒண்ணும் ஆகல. ஒங்களுக்குத்தான் ஒத்துக்கல. அடுத்தத குடுங்க.”

ஐயா சாவியைத் திருப்பாமலே உருவிக்கொண்டார்.

இப்போது வாசிகசாலையில் நடைமுறை தலைகீழ். எந்தப் புத்தகமானாலும் தர்ஷி முதலில் கடைசி வரை வாசிக்கிறாள். பிறகுதான் ஐயாவுக்கு அனுமதி. போன ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிடப் போனபோது, அட்டையில் மாட்டுப் படம் போட்ட புத்தகம் ஒன்றை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டிருந்தாள்.

“இது வேணாம் ஐயா. மாடு பாவம். ஒங்களுக்கு வயித்த வலிக்கும்.”

ஐயா கொடுத்துவிட்டார்.

நானும் திருந்திவிட்டேன். இப்போதெல்லாம் என் கதையில் ஒரு நாய் வந்துவிட்டால், கடைசி வரி வரைக்கும் வேளாவேளைக்குச் சோறு போட்டுக் காப்பாற்றிவிடுகிறேன். ஐயா என்றைக்காவது பத்தாம் பக்கத்தைத் தாண்டிவிட்டால்?