திட்டக்காரர் தண்ணீரில் இறங்குகிறார்

உலகத்தில் காரியம் செய்கிறவர்கள் ஒரு வகை, செய்யாதவர்கள் இன்னொரு வகை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், மூன்றாவதாக ஒரு வகை இருப்பதை உங்களுக்குச் சொல்லிவைப்பது என் கடமை. அவர்கள் திட்டம் போடுகிறவர்கள். காரியம் செய்யவில்லை என்று அவர்களைக் குறை சொல்ல முடியாது, மூன்று மாதமாக வேறு வேலையே பார்க்கவில்லை. செய்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது, அது இன்னும் தாளில்தான் இருக்கிறது.

உங்கள் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். வெளியூர்ப் பயணத்துக்குப் பெட்டியில் எந்தச் சட்டை எந்த மூலையில் என்று படம் வரைந்து, படத்துக்கு நகல் எடுத்து, நகலைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தி, பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு ரயிலேறியவர். சிரிக்காதீர்கள். அவர் திரும்பி வந்ததும் படத்தில் பிழை இல்லை என்பதைத்தான் முதலில் சரிபார்த்தார்.

நான் சொல்ல வந்தவர் என் எதிர்வீட்டுக்காரர். ஒரு பேருந்து நிறுவனத்தில் கால அட்டவணை போடுவது அவர் உத்தியோகம். எந்த வண்டி எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு வரவேண்டும் என்று இருபத்திரண்டு வருடமாக முடிவு செய்துகொண்டிருக்கிறார். ஒருநாள் நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் கால்கடுக்க நின்றுவிட்டு நேராக அவரிடம் போய், எட்டே காலுக்கு வண்டியே வரவில்லை என்றேன். அவர் பதறவில்லை. அட்டவணையைப் பிரித்துப் பார்த்தார். "வந்திருக்கே சார்" என்றார்.

ஐம்பதை நெருங்கிய இந்த மனிதருக்கு மூச்சுக்குழாயும் காற்று உருளையும் மாட்டிக்கொண்டு தண்ணீருக்கடியில் போகிற ஆசை எங்கிருந்து வந்தது? டாக்டர் நீச்சலுக்குப் போகச் சொன்னார், நீச்சல்குளத்துச் சுவரில் ஸ்கூபா வகுப்பு என்று ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தது, விதி விளையாடிவிட்டது. வகுப்பில் பயிற்சியாளர் இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னாராம். ஒன்று, திட்டமில்லாமல் யாரும் இறங்கக் கூடாது. இரண்டு, இறங்கிய பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, உருளையில் மிச்சமிருக்கும் காற்றைக் காட்டுகிற மானியின் முள்ளைப் பார்க்க வேண்டும், முள் என்ன சொல்கிறதோ அதைக் கேட்க வேண்டும். முதலாவதை நம்மவர் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டார். இரண்டாவதைச் சொன்னபோது பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

ஜோடி இல்லாமல் யாரும் முழுகக் கூடாது என்பது அந்தக் கலையின் சட்டம். அதனால் மனைவியின் தம்பியையும் வகுப்பில் சேர்த்துவிட்டார். தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாளைக்குப் பத்துக் கட்டடம் ஏறி இறங்குகிறவன். கீழே போனால் மேலே வரவேண்டும், நடுவில் பேச ஒன்றும் இல்லை என்பது அவன் கொள்கை. இரண்டு பேரும் பயிற்சியாளரின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறு முறை முழுகி, ஆளுக்கு ஓர் அட்டை வாங்கிவிட்டார்கள். இனிமேல் பயிற்சியாளர் இல்லாமல் தாங்களே போகலாம். ஊருக்கு வெளியே பழைய கல்குவாரி ஒன்று, கல் எடுத்து முடித்ததும் ஊற்றும் மழையும் நிரம்பிப் பெரிய குளமாகிக் கிடக்கிறது. பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில், முழுகுகிறவர்கள் பார்ப்பதற்கென்றே ஒரு பழைய வேனை இறக்கி வைத்திருக்கிறார்கள். வேனைப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவாயிற்று.

இதற்கு ஓர் ஆள் எவ்வளவு திட்டம் போட முடியும் என்று நினைக்கிறீர்கள்? குறைத்து நினைக்கிறீர்கள்.

சாப்பாட்டு மேசைதான் குவாரி. உப்பு டப்பாதான் வேன். தண்ணீர் ஜாடி இருக்கிற பக்கம் வடக்குச் சுவர், அதை யாரும் நகர்த்தக் கூடாது. தாகமெடுத்தால் சமையலறைக் குழாயில் குடித்துக்கொள்ள வேண்டும். மேசைப் பாடம் முடிந்ததும் ஒத்திகை. கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு, மாமனும் மைத்துனனும் குப்புறப் படுத்து, சோபாவிலிருந்து சமையலறை வாசல்வரை கையை நீட்டி நீட்டித் தவழ்ந்தார்கள். துவைத்த துணி வாளியோடு அந்த வழியாக வந்த எதிர்வீட்டு அம்மணி, ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை, ஒருவரைத் தாண்டி, இன்னொருவரைத் தாண்டி, கொல்லைப்பக்கம் போய்ச் சேர்ந்தார். இதைவிடப் பெரிய கூத்தையெல்லாம் வகுப்பில் தினமும் பார்க்கிறவர்.

ஆனால் ஒருநாள் அவர் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுவிட்டுத் தம்பி சோபாவில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கையில் நிறுத்தற் கடிகாரத்தோடு, மாமன் அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து நானும் செய்தித்தாள் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன்.

"தூங்கற பிள்ளைய எதுக்கு இப்படி உத்துப் பாக்கறீங்க?" என்றார் அம்மணி.

"மூச்சு எண்ணறேன்."

"எதுக்கு?"

"இவனுக்கு எவ்வளவு நேரம் தாங்கும்னு தெரிய வேணாமா?"

அம்மணி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார். வகுப்பறையில் சத்தம் அடங்குவதற்கு முன் ஆசிரியைகள் இப்படித்தான் எதையாவது கீழே வைப்பார்கள். "இங்க பாருங்க. எனக்கு இருக்கறது ஒரே தம்பி. ரெண்டு பேர் இறங்கறீங்க. ரெண்டு பேரும் ஏறி வரணும். அத மொதல்ல எழுதிக்கோங்க."

அவர் உடனே எழுதிக்கொண்டார். பிரிவு ஒன்று, உட்பிரிவு அ. பிறகு எண்ணிக்கையைத் தொடர்ந்தார். நிமிடத்துக்குப் பதினொரு மூச்சு. பாதுகாப்புக்காக அதை ஒன்றரையால் பெருக்கி, ஆழத்துக்கு ஏற்றி, உருளையில் இருக்கிற காற்றை அதனால் வகுத்துப் பார்த்ததில், பாதிக் காற்று தீர்வதற்குச் சரியாகப் பதினெட்டு நிமிடம் ஆகும் என்று வந்தது. பாதி தீர்ந்ததும் திரும்புவது முறை. ஆகவே பதினெட்டாம் நிமிடத்தில் திரும்ப வேண்டும், முப்பத்தாறாம் நிமிடத்தில் கரையேற வேண்டும். பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் இதை எழுதி, இடுப்பில் தொங்கவிட ஒரு கயிறும் கட்டிவிட்டார். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு சோபாவில் தூங்குகிறவன் விடும் மூச்சும், முதல்முறையாகப் பயிற்சியாளர் இல்லாமல் குளிர்ந்த இருட்டுத் தண்ணீரில் இறங்குகிறவன் விடும் மூச்சும் ஒன்றாக இருக்குமா? நீங்கள் கேட்கிறீர்கள். நானும் அன்றைக்கே கேட்டிருக்கலாம். செய்தித்தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த வகைப் பிராணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாம் நினைக்கிற மாதிரி இவர்கள் தைரியசாலிகளும் இல்லை, கர்வம் பிடித்தவர்களும் இல்லை. பயந்தவர்கள். போகிற அன்று காலையில் குவாரிக் கரையில் நின்று அந்தப் பச்சைத் தண்ணீரைப் பார்த்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாலு பேரும் சந்தோஷமாக வீட்டுக்குத் திரும்பியிருப்போம். அவர் அதைச் சொல்லாமல் பலகையை எடுத்து இன்னொரு முறை படித்தார். படிக்கப் படிக்க முகத்துக்கு நிறம் வந்தது. எனக்கு அந்த நேரத்தில் அவர்மேல் உண்மையிலேயே பாசம் வந்துவிட்டது.

நான் அங்கே எதற்கு என்று கேட்பீர்கள். நான்தான் கரைப் பொறுப்பாளர். எனக்கென்று நான்கு பக்கத்துக்குக் குறிப்பு, ஒரு மடக்கு நாற்காலி, ஒரு விசில், பையில் சுருட்டிய முப்பது மீட்டர் கயிறு. கரைப் பொறுப்பாளர் எக்காரணம் கொண்டும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது. எனக்கு நீந்தத் தெரியாது என்பதை அவர் மறக்கவில்லை. அம்மணிக்கும் ஒரு தாள் கொடுத்தார். அவர் அதை வாங்கி, நான்காக மடித்து, ஈரப் பாறையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

பத்து மணி நான்கு நிமிடத்துக்கு இரண்டு தலையும் முழுகின. அதற்குப் பிறகு கீழே நடந்ததை லிஃப்ட் மெக்கானிக் பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வேன்வரைக்கும் எல்லாம் சரியாகவே போயிருக்கிறது. குளிர் எலும்பில் ஏற, கை நீட்டினால் விரல் தெரியாத கலங்கலில் தம்பி மூச்சை இழுத்து இழுத்து விட்டிருக்கிறான். பதினோராம் நிமிடத்தில் மானியைப் பார்த்தால் முள் பாதிக்கு வந்துவிட்டது. மாமனின் தோளைத் தட்டி முள்ளைக் காட்டினான். மாமன் முள்ளைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பலகையைத் தூக்கி அதில் 'பதினெட்டு' என்கிற இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். தம்பி மறுபடியும் முள்ளைக் காட்டினான். மாமன் மறுபடியும் பலகையைக் காட்டினார். தண்ணீருக்கடியில் வாக்குவாதம் செய்ய முடியாது என்று எவன் சொன்னது? பிறகு அவர் பென்சிலை எடுத்து, நிதானமாக, ஒரு வார்த்தை எழுதிக் காட்டினார்.

'ஏன்?'

அதைப் படித்து முடித்ததும், சிக்கிக்கொண்ட லிஃப்டிலிருந்து ஆளை எடுக்கிற பழக்கத்தில், தம்பி மாமனின் தோள்பட்டை வாரைப் பிடித்தான். மேலே கையைக் காட்டினான். இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அவசரப்படவில்லை, ஐந்து மீட்டரில் நின்று, பாதுகாப்புக்காக நிற்க வேண்டிய மூன்று நிமிடமும் நின்றான். அந்த மூன்று நிமிடமும் மாமன் பலகையில் கணக்கைத் திருத்திக்கொண்டிருந்தாராம்.

இனி கரையில் நடந்தது. இதற்கு நானே சாட்சி, சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பதினெட்டாம் நிமிடம். கரையிலிருந்து இருபது மீட்டர் தள்ளி, செங்குத்துப் பாறைச் சுவர் ஓரமாக, இரண்டு தலைகள் மேலே வந்தன. ஒரு தலை நிமிர்ந்து நின்றது. இன்னொன்று ஒரு பக்கமாகச் சாய்ந்து, வலியில் வாயைத் திறந்து தண்ணீரைக் குடித்தது. குளிரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டுவிட்டது. ஒரு கையால் மாமனைத் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையை ஆட்டித் தம்பி கத்தினான்.

"கயிறு போடுங்க சார், மாமாவுக்குக் கால் பிடிச்சிருச்சு."

நான் என்ன செய்தேன் தெரியுமா? தாளைப் புரட்டினேன். சத்தியமாக. பதினெட்டாம் நிமிடத்தில் யாரும் மேலே வருவதாகவே அதில் இல்லை. கயிறு மூன்றாம் பக்கத்தில் இருந்தது, அதுவும் நாற்பதாம் நிமிடத்துக்குப் பிறகு, அதுவும் விசில் மூன்று முறை ஊதிய பிறகு. விசிலைத் தேடினேன். விசில் என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கயிற்றுப் பை என் நாற்காலிக்கு அடியில், என் குதிகாலுக்குப் பின்னால் இருந்தது.

"எழுந்திரிங்க அண்ணே" என்றார் அம்மணி. மூன்றாம் வகுப்புக் குரல். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் எழுந்ததில்லை. அவர் பையை உருவி, முனையைக் காலில் மிதித்துக்கொண்டு வீசினார். முதல் வீச்சு குறைந்துவிட்டது. சுருட்டி மறுபடி வீசினார். தம்பி பிடித்துக்கொண்டான். அம்மணியும் நானும் சேர்ந்து இழுத்தோம். அம்மணி இழுத்தார், நான் கயிற்றைப் பிடித்திருந்தேன் என்று சொல்வதே நியாயம். மாமன் பாறைமேல் வந்து கவிழ்ந்து, குடித்த தண்ணீரையெல்லாம் கக்கிவிட்டு, நெடுநேரம் இருமினார். அம்மணி தம்பியின் தலையைத் தொட்டுப் பார்த்தார், கணவரின் தலையைத் தொட்டுப் பார்த்தார். "ரெண்டு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"இவ்வளவு தண்ணி குடிச்சும் அந்தப் பலகைய விடலியே மாமா" என்றான் தம்பி.

மாமன் பலகையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். உதடு நீலமாக இருந்தது, பல் தந்தியடித்தது, ஆனால் முகத்தில் மெல்ல நிம்மதி பரவியது. "பதினெட்டு சரியாத்தான் இருக்கு மாப்ளே. திரும்பற நேரம்னு போட்ட எடத்துல கரையேறற நேரம்னு போட்டிருக்கணும்."

அம்மணி தான் உட்கார்ந்திருந்த ஈரத் தாளை எடுத்து அவர் மூக்கைத் துடைத்துவிட்டார்.

இதெல்லாம் நடந்து ஒரு மாதம் ஆகிறது. எதிர்வீட்டு மேசையில் உப்பு டப்பா மறுபடியும் வேனாகி நடு மேசைக்கு வந்திருக்கிறது. தம்பி இப்போது மாமன் வீட்டு சோபாவில் தூங்குவதில்லை. நானும் திருந்திவிட்டேன் என்று நினைக்கிறேன். அடுத்த முறை கூப்பிட்டால், கயிற்றை எங்கே வைப்பது, எந்தக் கையால் எடுப்பது, முதல் வீச்சு குறைந்தால் என்ன செய்வது என்று இப்போதே ஒரு சின்னத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றரைப் பக்கம்தான்.

நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். நீங்களாக இருந்தால் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலில் கயிற்றை எடுத்திருப்பீர்கள், முனையை இப்படி மிதித்திருப்பீர்கள், அப்படி வீசியிருப்பீர்கள். நாற்காலியில் சாய்ந்தபடியே எல்லாவற்றையும் வரிசையாக யோசித்து முடித்துவிட்டீர்கள், இல்லையா?