வத்சலாவின் ஆபரேஷன் குறித்து சம்பந்திக்கு

மாமல்லபுரம்,
12-2-56

மகாராஜராஜஸ்ரீ சம்பந்தி ஸ்ரீனிவாசராகவன் அவர்களுக்கு உப்பிலியின் அநேக நமஸ்காரங்கள். இங்கே என் பெண் வத்சலா உட்பட யாவரும் க்ஷேமம். சிங்கப்பெருமாள் கோயிலில் தங்கள் க்ஷேமத்தையும், கோபம் தணிந்திருந்தால் அதையும் தெரிவிக்க வேண்டியது.

வத்சலாவுக்கு மூன்று முறை கரு தங்கவில்லை என்பதால், தங்கள் பிள்ளைக்குக் கருங்குழியில் வேறு பெண்ணின் ஜாதகம் பொருந்தியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். செங்கல்பட்டு டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்து, "பிறவியிலேயே கர்ப்பப்பைக்கு நடுவே ஒரு சுவர் இருக்கு. குழந்தை வளர இடமில்லே. இவ என்ன பண்ணுவா?" என்றாள். வயிற்றைத் திறந்து அதை எடுக்க வேண்டுமாம். சென்னைக்குப் போனோம். ரத்தம் வேண்டுமென்றார்கள், நான்தான் தகப்பன் என்று மார்தட்டிப் போய்ப் படுத்தேன், ஊசியைப் பார்த்ததும் மயங்கிவிட்டேன், என்னைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள், கண் விழித்தால் எதிரே இன்னொரு வண்டியில் வத்சலா வருகிறாள். "அப்பாவுக்கா ஆபரேஷன்?" என்று பதறினாள். வண்டியைத் தள்ளி வந்த ஆஸ்பத்திரி ஆயா அம்சா, "ஒண்ணியும் இல்ல கண்ணு, சாமி பயந்துகினு கீது" என்றாள். ஒரு வாரமாக அழுதுகொண்டிருந்த பெண், சிரித்துக்கொண்டே ஆபரேஷனுக்குப் போனாள் ஸ்வாமி! எனக்கு அது போதும்.

சுவரை எடுத்தாயிற்று. இனிமேல் கரு தங்கலாம், தங்காமலும் போகலாம், தங்கினால் பிரசவத்துக்கும் கத்திதான், எதற்கும் ஒரு வருஷம் பொறுக்க வேண்டும் என்கிறார்கள். தங்களுக்குப் பொறுமை இராது. ஆகையால் என் பெண் என்னோடு இருப்பாள். நம் சம்பந்தம் இத்துடன் முடிந்தது. தங்கள் பிள்ளையும் இந்தப் பக்கம் வர வேண்டாம். பெருமாள் தங்களுக்குச் சகல சௌபாக்கியமும் அருளட்டும்.

இப்படிக்கு,
உப்பிலி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மத்தியான பஸ்ஸில் மாப்பிள்ளை வெங்கடராகவன் வந்து இறங்கிவிட்டார். ஆபரேஷன் நடந்ததே அவருக்கு நேற்றுத்தான் தெரிந்ததாம். நேரே அடுக்களைக்குள் போய்ப் புளி கரைத்து, மிளகு தட்டிப் போட்டுச் சாத்தமுது வைத்தார். வத்சலா ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பே போடலியே!" என்றாள். மாப்பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது. "பரவாயில்லே, இன்னொரு டம்ளர் குடுங்கோ" என்றாள். "கொழந்தை பொறக்கலேன்னா?" என்று நான் மெதுவாகக் கேட்டேன். "இவ பொழைச்சு வந்திருக்காளே மாமா" என்றார்.

ஆகையால் மேலே கண்ட சம்பந்த முறிவு ரத்து. மாற்று வேஷ்டிகூட இல்லாமல் வந்திருக்கிறார், அனுப்பி வைக்கவும். தாங்களும் சம்பந்தி அம்மாளுமே எடுத்து வந்தால் விசேஷம். சாத்தமுதுக்கு நான் உப்புப் போடுகிறேன்.