நந்திதா ஒருத்திதான், மச்சான்!

சூலூர்,
17.8.1997

மரியாதைக்குரிய திருமலைசாமி மச்சானுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் அங்கப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மூவரும் சுகம். அங்கே அக்காவும் பிள்ளைகளும் சுகந்தானே? தோப்புக்குள் யானை மறுபடி வந்ததா?

புதன்கிழமை பொன்னாத்தாள் உங்களுக்குப் போட்ட கார்டைத் தயவுசெய்து கிழித்துவிடுங்கள். எனக்கு வேறெங்கும் குடும்பம் கிடையாது. அரசாங்கத்தின் ஊசியும் முட்டையும் படிப்பும் எந்தக் குழந்தைக்குப் போய்ச் சேருகிறது, எதற்குச் சேரவில்லை என்று ஆராய, லோகப்பிரியா என்ற கல்லூரிப் பெண் ஆஸ்பத்திரி, பால்வாடி, பள்ளிக்கூடம் மூன்றின் பதிவேடுகளையும் ரேஷன் கார்டு நம்பரை வைத்து இணைத்திருக்கிறாள். நல்ல காரியந்தான். ஆனால் நம் நந்திதாவை ஆஸ்பத்திரியில் வெறும் 'பாப்பா' என்று எழுதியிருந்தார்கள், பால்வாடியில் நான் என் அம்மா பெயரைச் சொல்லிக் காளியாத்தாள் ஆக்கினேன், பள்ளியில்தான் அவள் நந்திதா ஆனாள். அந்தப் பெண் வாசலில் நின்று, "உங்களுக்கு மூணு புள்ளைங்க சார். ஒருத்தி ஊசி போட்டதோட காணோமுங்க. முட்டை சாப்பிட்டவ பள்ளிக்கூடத்துக்கே வரலீங்க. ரெண்டு பேரும் எங்கீங்க?" என்று கேட்டுவிட்டாள். பொன்னாத்தாள் தோசைக் கரண்டியோடு வெளியே வந்து, "ஏனுங்க, அவ எந்த ஊருங்க?" என்றாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை, மச்சான். சோறுதான் மூன்று நாள் நின்றுபோனது. தறிச் சாமான் வாங்க நான் சிங்காநல்லூர் போன நாளையெல்லாம் விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிட்டாள்.

நேற்று நந்திதாவைத் தூக்கிக்கொண்டு, லோகப்பிரியாவையும் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பொன்னாத்தாள் பத்தடி தள்ளியே வந்தாள். நர்ஸ் பங்காரம்மா பார்த்ததும் கட்டைவிரலை நீட்டி, "இந்தப் பாப்பாவை மறப்பனுங்களா? ஊசி போட்டன்னைக்குக் கடிச்சுப்போட்டாளே!" என்றார். பால்வாடிக்குப் போனால் ஆயா, "காளியாத்தா, வா கண்ணு!" என்றார், இவளும் கூச்சமில்லாமல், "முட்டை இல்லீங்களா?" என்றாள். லோகப்பிரியா சிரித்துக்கொண்டே மூன்று பெயரையும் ஒன்றாக்கினாள். பக்கத்துத் தறிப்பட்டறை நரசிம்மலுவின் மகள் பள்ளிப் பதிவேட்டிலேயே இல்லை என்பதும் அதே பட்டியலில்தான் தெரிந்தது. நாளை முதல் அவளும் நந்திதாவோடு போகிறாள். திரும்பும்போது பொன்னாத்தாள் என் பக்கத்திலேயே நடந்தாள். வீட்டுக்கு வந்து அரிசி பருப்புச் சாதத்தில் இரண்டு கரண்டி நெய் ஊற்றினாள். வயிறும் மனசும் நிறைந்தது.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் தென்னைக்கு நல்ல மழை கிடைக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
அங்கப்பன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் திங்கட்கிழமை ஆகிவிட்டது, திருத்திய பட்டியலும் வந்துவிட்டது. மூன்று பேரை ஒருத்தியாகச் சேர்த்தபோது ஆறு ஆறாக வயதையும் கூட்டிவிட்டார்களாம். நந்திதாவுக்கு இப்போது பதினெட்டு. ஒன்றாம் வகுப்பில் இடமில்லையாம்; ஓட்டுப் போடலாமாம்.