கழற்றிப் பார்ப்பவர்

கெட்டுப்போன பொருளைக் கண்டால் முகம் மலர்கிற ஓர் இனம் நம்மிடையே வாழ்கிறது. கழற்றிப் பார்ப்பவர் என்று அதற்குப் பெயர் வைப்போம். ஒழுங்காக ஓடுகிற எதிலும் இவருக்கு அக்கறை கிடையாது. ஓடாமல் நிற்க வேண்டும். அப்போதுதான் இவர் ஓடி வருவார்.

எங்கள் ஊரான தலத்தெருவில் இந்த இனத்துக்குக் காஜா நஜ்முதீன் ஒருவர் போதும். துபாயில் அவர் வேலை பார்த்த வரைபட அலுவலகத்தை மூடியபோது மற்றவர்கள் நாற்காலி, ஏசி என்று எடுத்துக்கொள்ள, இவர் தூக்கி வந்தது தொண்ணூற்றேழாம் வருஷத்து வொர்க்ஸ்டேஷன் ஒன்றை. கட்டட வரைபடம் போடுவதற்கென்றே செய்த கணினி. ஓர் ஆட்டுக்கடா எடை. ஊர் வந்த நாளிலிருந்து பொத்தானை அழுத்தினால் விசிறி ஒரு சுற்றுச் சுற்றும், நின்றுவிடும். அவ்வளவுதான்.

மூன்று வருஷமாக அதன் மெமரி அட்டைகளை உருவி, அழிரப்பரால் தேய்த்து, ஊதி, மனைவி ஜஸீலாவின் முடி உலர்த்தியால் உப்புக்காற்றின் ஈரம் போக்கி, மறுபடி செருகி, மீட்டரை வைத்துப் பார்த்து, தலையை ஆட்டிக்கொள்கிறார். என்ன கோளாறு என்று கேட்டுவிட்டீர்களா? உங்கள் மதியம் போயிற்று.

"சின்ன ப்ராப்ளம்தான். எவனோ முன்னாடியே கை வச்சிருக்கான்," என்பார்.

"போன நோம்புல நீங்கதான் வச்சீங்க," என்பார் ஜஸீலா.

போன தை மாதம் மகள் ரிஃபானாவுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றில் இன்டர்வியூ. பதினான்கு இடம் விண்ணப்பித்து வந்த ஒரே அழைப்பு. பதினோரு மணிக்கு வீட்டில் தன் கணினியிலிருந்தே பேச வேண்டும். அன்று காலைதான் நஜ்முதீனுக்கு ஞானம் பிறந்தது: கோளாறு பவர் சப்ளையில், மின்சாரம் கொடுக்கும் பெட்டியில். அதை உறுதி செய்ய நல்ல பவர் சப்ளை ஒன்று வேண்டும். வீட்டில் நல்லது எது? மகளின் கணினியில் இருப்பது. ரிஃபானா குளிக்கப் போயிருந்தாள். ஐந்து நிமிஷ வேலை.

பிளக் வொர்க்ஸ்டேஷனில் கச்சிதமாகப் பொருந்தியது. உள்ளே கம்பி வரிசை வேறு என்பது பொத்தானை அழுத்திய பிறகு தெரிந்தது. 'டப்' என்று ஒரு சத்தம், கருகல் வாசனை. பெட்டியை மறுபடி மகளின் கணினியில் மாட்டினார். அதுவும் பேசவில்லை.

"வாப்பா, என் கம்ப்யூட்டர் ஏன் தொறந்து கெடக்கு?"

"பத்து நிமிஷம் குடும்மா, சரி பண்ணிடுறேன்."

ரிஃபானா கடிகாரத்தைப் பார்த்தாள், பத்தே கால். கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் நஜ்முதீன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். வண்டிச் சாவியை எடுத்தார்.

"ஏறும்மா."

பக்கத்து ஊர் விழிதியூரில் கல்லூரித் தோழி தேவிகா லேப்டாப்போடு வாசலிலேயே நின்றாள்.

"மாமா, நீங்க இப்படி உக்காருங்க. உள்ள வர வேணாம்," என்று வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டாள். விஷயம் போனிலேயே போயிருந்தது.

இன்டர்வியூ முக்கால் மணி நேரம். எதிரே மோட்டார் கொட்டகையில் பம்புசெட் இழுத்து இழுத்து ஓடிக்கொண்டிருந்தது. நஜ்முதீன் இரண்டு முறை எழுந்தார். இரண்டு முறையும் உட்கார்ந்து, உள்ளங்கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அந்த மனிதர் தன் மகளுக்காகச் செய்த ஆகப்பெரிய தியாகம் அது. கேலியாகச் சொல்லவில்லை.

ரிஃபானா வெளியே வந்தாள்.

"என்னம்மா கேட்டாங்க?"

"கஸ்டமர் தானே கழட்டிக் கெடுத்துட்டு போன் பண்ணுனா எப்படிப் பேசுவீங்கன்னு."

"என்ன சொன்னே?"

"திட்டக்கூடாது. மொதல்ல கைய எடுங்கன்னு பொறுமையா சொல்லணும்னேன். அனுபவம் இருக்கான்னு கேட்டாங்க வாப்பா. இருக்குன்னேன்."

வேலை கிடைத்தது. மகளின் கணினி கடைக்குப் போனது. கடைக்காரர் மூடியைத் திறந்ததும் பக்கத்தில் நின்ற நஜ்முதீன் மெதுவாக, "அப்படி இல்ல தம்பி," என்று ஆரம்பித்தார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டு இழுப்பறையில் எதிலிருந்து கழன்றது என்று தெரியாத இரண்டு ஸ்க்ரூ கிடக்கிறதா? வீட்டில் யாரிடமும் கேட்க வேண்டாம். நீங்கள் எந்த இனம் என்று அவர்களுக்குத் தெரியும்.