பீட்டா பாய் சொன்ன ஒரே குறை

எந்தப் புதுப் பொருளும் ஊரெல்லாம் சுற்றிப் பழசான பிறகுதான் என் வீட்டுக்கு வரும். பக்கத்து வீட்டுக்காரர் பெரிய தொலைக்காட்சி வாங்கி, அது பழுதாகி, கீழ்த்தளத்தில் கழித்துப்போட்ட நாளன்றுதான் நான் அதே மாதிரியை ஆர்வமாக விசாரித்துக்கொண்டிருந்தேன். இப்படிப்பட்டவனிடம் ஒருவர் வந்து, “இது இன்னும் வெளியவே வரலை எழுத்தாளரே, உங்களுக்குத்தான் முதல்ல” என்று காதோடு சொன்னால் என்ன ஆகும்? வீட்டிலிருந்த ஒரே மடிக்கணினியை, அதிலும் மனைவி படித்துக்கொண்டிருந்த கணினியை, ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கிக் கொடுத்துவிட்டேன். ஐம்பது வயதுக்கு மேல் ஒருவனைக் கவிழ்க்கப் பெரிய சதியெல்லாம் தேவையில்லை. ‘முதல்ல’ என்ற ஒரு சொல் போதும்.

காதோடு சொன்னவர் பீட்டா பாய். சிங்கப்பூரிலேயே, ஏன், பூமத்திய ரேகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேர்த்தே, ஒழுங்காக ஓடுகிற கணினியைப் பார்த்து முகம் வாடிப்போகிற ஒரே மனிதர் அவர்தான்.

சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், புடவைக் கடைக்கு மேல் மாடியில் அவர் கடை. சிம் கார்டு, கைப்பேசி உறை, சார்ஜர், கணினிப் பழுது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள் மாடிப்படி வரை வரிசை பிடித்து நிற்பார்கள். அவர் உண்மையான பெயர் கடைப்பலகையில் இருந்தது; யாரும் படித்ததில்லை. ஒரு மென்பொருளை ஊருக்கு வெளியிடுமுன், “ஓட்டிப் பார்த்து எங்கே இடிக்கிறது என்று சொல்லுங்கள்” என்று கொஞ்சம் பேருக்குக் கொடுப்பார்களே, அந்த அரைவேக்காட்டுக்குப் பீட்டா என்று பெயர். பாய் அதைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். வெளியாகிவிட்டால் அவருக்கு அது நேற்றைய புரோட்டா.

“வெளியான சாமான்ல என்ன இருக்கு? எல்லாம் சரியா ஓடும். அப்புறம் நாம எதுக்கு லா?” என்பார்.

கடையில் இருந்த எல்லாமே அந்த வம்சம்தான். ரசீது அடிக்கும் பெட்டி ஒரு வாரம் முழுக்க எந்த நாட்டு எழுத்து என்றே தெரியாத எழுத்தில் ரசீது அடித்தது. ஒருவர் அதை எதிர்க்கடை பர்மாக்காரரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்ல, அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, தன் மொழியையே சந்தேகப்பட்டுத் திருப்பிக் கொடுத்தார். தீபாவளிச் சமயத்தில் வாசலில் ஓடும் விளக்கு எழுத்துப் பலகை தலைகீழாக ஓடியது. தெருவே கழுத்தைச் சாய்த்துப் படித்தது. சுற்றுலாப் பயணிகள் அதைப் பண்பாடு என்று நினைத்துப் படமெடுத்தார்கள்.

இத்தனைக்கும் பாய் வாயிலிருந்து ‘கோளாறு’ என்ற சொல் வந்ததே இல்லை. பக்கத்துத் தையல்கடைக்காரர் ஒருநாள் பொறுக்கமுடியாமல், “யோவ் பாய், உன் சாமான் ஒண்ணாவது ஒழுங்கா இருக்கா?” என்று கத்தியபோது, பாய் கோபப்படவில்லை.

“பிள்ளைக்குப் பல்லு முளைக்கிறப்ப ஜுரம் வரும். அது பிள்ளையோட குறையா? எழுதிப்போட்டா சரி பண்ணிடுவாங்க.”

எழுதிப்போடுவதுதான் அவர் வாழ்க்கை. எங்காவது ஒரு பூச்சி அகப்பட்டால், அதாவது மென்பொருளில் ஒரு பிழை தென்பட்டால், உடனே அந்த மென்பொருளைச் செய்கிறவர்களுக்கு இணையத்தில் எழுதுவார். உலகமெங்கும் எத்தனையோ பேர் அப்படி எழுதுகிறார்கள். ஆனால் பாய் மட்டும்தான் நலம் விசாரித்துவிட்டு எழுதுவார். “அன்புச் சகோதரர்களே, வணக்கம். சிங்கப்பூரில் காலையிலிருந்து மழை. என் கணினி திறக்க மறுக்கிறது” என்று ஆங்கிலத்தில் ஆரம்பிக்கும். பழகப் பழக, எங்கோ குளிர்நாட்டில் இருந்து பதில் எழுதுகிறவர்களும் முதல் வரியில், “மழை நின்றதா?” என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு இணையத்தில் ‘சோம்பேறி நரி’ என்று பெயர். அவர் ஆணா பெண்ணா, எந்த ஊர் என்பதெல்லாம் பாய்க்குத் தெரியாது. ஆனால் அவருக்கு முதுகுவலி என்பது தெரியும்.

இப்படியாகத்தான், பாய் பீட்டா போட்டுத் திருப்பிக் கொடுத்த எங்கள் மடிக்கணினியும் அந்த வம்சத்தில் சேர்ந்தது.

என் மனைவி மல்லிகா பாலர் பள்ளியில் ஆசிரியை. பல வருடம் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்ட பிறகு, பட்டயப் படிப்பு படிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு, வேலைக்குப் போய்வந்து, சமைத்து, என்னையும் சகித்துக்கொண்டு படித்தாள். கடைசிக் கட்டம் ஒரு சனிக்கிழமை இரண்டு மணிக்கு. காணொளியில் தேர்வாளர்கள் முன் தன் ஆய்வைப் படங்களோடு விளக்கவேண்டும். தவறினால் அடுத்த அரையாண்டு வரை காத்திருக்கவேண்டும். மணலில் விளையாடும் பிள்ளைகள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. படங்கள் எல்லாம் அந்த மடிக்கணினியில்.

முந்தின நாள் மாலை, கணினி தானாக ஏதோ புதுப்பித்துக்கொண்டிருந்தது. ஒரு பட்டை எறும்பு மாதிரி ஊர்ந்தது. வேலை செய்யாத நேரத்தில் எதற்கு வீண் மின்சாரம் என்று பிளக்கைப் பிடுங்கி, படித்து முடித்த புத்தகத்தை மூடுவதுபோல் மரியாதையாக மூடிவைத்துவிட்டு, கீழே கோப்பிக்கடைக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை சார்ஜர் செருகி மூடியைத் திறந்தால் கன்னங்கரேல் என்று இருந்தது. மூலையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு மட்டும் கண் சிமிட்டியது. மல்லிகா வந்து எட்டிப் பார்த்தாள். திட்டினால்கூடப் பரவாயில்லை. கையிலிருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“பாயைக் கூப்பிடுங்க.”

பாய் புக்கிட் மேராவில் இருக்கிற எங்கள் வீட்டுக்குப் பறந்து வந்தார். கருப்புத் திரையைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். முதல் பேரனைப் பார்க்க வந்தவர் மாதிரி குனிந்து, “அட, அட, அட” என்றார்.

“பாய், ரெண்டு மணிக்குப் பரீட்சை” என்றாள் மல்லிகா.

“தெரியும் தங்கச்சி. இந்த மாதிரி நான் பார்த்ததே இல்ல. புதுப் பூச்சி! கொஞ்சம் இருங்க, போட்டோ எடுத்து நரிக்கு அனுப்பிடுறேன்.”

எடுத்தார். அனுப்பினார். பிறகுதான் கவனித்தோம், பளபளவென்று கருத்திருந்த அந்தத் திரையில் என் உருவம் அப்படியே விழுந்திருந்தது. பனியன், கையில் கடித்த வடை, வாழ்க்கையே கைவிட்டுப்போன முகம். உலகத்தின் கணினி மேதைகள் எல்லாரும் பார்க்கிற இடத்தில், சிங்கப்பூர் வானிலைக்குக் கீழே, நான்.

“எடுத்துடுங்க பாய்!”

“எடுக்க முடியாது எழுத்தாளரே. ரிப்போர்ட்ல சேர்ந்துடுச்சு.”

அதற்குப் பிறகு பாய் எதையெதையோ தட்டினார், அணைத்தார், மறுபடி போட்டார். ஒவ்வொரு தடவையும் அதே கருப்பு, அதே கோடு. “சூப்பர்! மாறாம வருது பாருங்க!” என்று மகிழ்ந்தார். வரும்வழியில் வாங்கிய கோப்பி அவர் பக்கத்தில் ஆறியது. மல்லிகா அடுத்த வீட்டுச் சீன அக்காவிடம் கணினி கேட்கப் போனாள். அந்த வீட்டில் மாஜோங் விளையாடுகிற மேசைதான் இருந்தது. திரும்பி வந்து பாய் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

“பாய், ஒண்ணு கேக்கிறேன். இது பழையபடி திறக்க வழியே இல்லையா?”

பாய் தலையைச் சொறிந்தார். “இருக்கு. ஆரம்பிக்கிறப்ப ஒரு பட்டனை அழுத்தினா, போன வாரம் இருந்த பழைய வெர்ஷன்ல திறக்கும்.”

“இது முதல்லயே தெரியுமா?” என்றேன் நான்.

“தெரியும். ஆனா அதுல திறந்தா பூச்சி ஓடிப்போயிடும் லா!”

“ஓடட்டும்” என்றாள் மல்லிகா. நான்கு வயதுப் பிள்ளைகள் இருபது பேரை ஒரே சொல்லில் உட்காரவைக்கிற குரல் அது. பாய் பட்டனை அழுத்தினார்.

கணினி திறந்தது. மணலில் விளையாடும் பிள்ளைகள் எல்லாரும் பத்திரமாக இருந்தார்கள். எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. ஆனால் இணையம் இல்லை. வைஃபை சின்னம் கம்பி கம்பியாக முழுசாக எரிந்தது. ஒரு பக்கமும் திறக்கவில்லை.

“என்ன பாய் இது?”

“தேக்கா மார்க்கெட்டுக்கு வந்து சேர்ந்தாச்சு. ஆனா எந்தக் கடை எங்க இருக்குன்னு சொல்ல ஆளில்ல. அதான் இப்ப நிலைமை” என்றார். “பேரைக் கொடுத்தா முகவரி தேடித் தர்ற பகுதி ஒண்ணு இருக்கு. அது எழுந்துக்கலை.” குரலில் மறுபடி அந்தச் சந்தோஷம். “ரெண்டு பூச்சி! ஒரே நாள்ல ரெண்டு!”

மல்லிகா அவரைப் பார்த்தாள். பாய் சந்தோஷத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கைப்பேசியில் நரிக்கு இரண்டாவது பூச்சியைப் பற்றி அவசரமாக எழுதினார். கடைசி வரியாக, “என் தங்கைக்கு இன்று மதியம் பரீட்சை” என்று சேர்த்ததை நான் பார்த்தேன். வானிலை சொல்லாமல் அவர் எழுதிய ஒரே கடிதம் அதுவாகத்தான் இருக்கும்.

“அங்க இன்னும் விடிஞ்சிருக்காதே பாய்?”

“முதுகுவலி. தூங்கமாட்டாரு.”

மல்லிகா உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். தேர்வுக்கென்று எடுத்துவைத்த நீலப் புடவை. தேர்வு நடக்காவிட்டாலும் நடப்பதுபோல் அவள் கொசுவத்தைச் சரிசெய்து உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. சமையலறைக்குப் போய்த் தேவையில்லாமல் ஒரு பாத்திரத்தைக் கழுவினேன்.

பாயின் கைப்பேசி கிணுகிணுத்தது. ஓடிவந்து அவர் தோளுக்கு மேலாக நானும் படித்தேன். நரி எழுதியிருந்தது: “இரண்டும் பூச்சி அல்ல, நண்பரே. புதுப்பித்தல் பாதியில் நின்றிருக்கிறது. நேற்று ஓடிக்கொண்டிருந்தபோது யாராவது மூடியை மூடி மின்சாரத்தையும் எடுத்தார்களா? கீழே உள்ள வரியைத் தட்டினால் விட்ட இடத்திலிருந்து முடித்துக்கொள்ளும். இணையம் வேண்டியதில்லை. பின்குறிப்பு: வடையுடன் தெரியும் மனிதர் வன்பொருளின் பகுதியா?”

பாய் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அங்கே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு என் மேல் எந்தச் சந்தேகமும் இல்லை.

“என்ன சொல்றாங்க பாய்?” என்றாள் மல்லிகா.

பாய் தொண்டையைச் செருமினார். இரண்டு பூச்சிகளும் ஒரே நொடியில் செத்துப்போன துக்கம் ஒரு பக்கம். என் முகம் ஒரு பக்கம். 

“கோளாறுதான் தங்கச்சி” என்றார். “அவங்க பக்கம் தப்பு. அவசரப்பட்டு அனுப்பிட்டாங்க. இந்த வெர்ஷனே சரியில்ல.”

சொல்லிவிட்டு அந்த வரியைத் தட்டினார். எழுத்துகள் மளமளவென்று ஓடின. பாதியில் நின்ற அத்தனையும் ஒவ்வொன்றாக முடிந்தன. அணைத்துப் போட்டபோது கருப்பு இல்லை, கோடு இல்லை. புது வெர்ஷனிலேயே திறந்தது. தேக்கா மார்க்கெட்டில் எல்லாக் கடையும் கிடைத்தது. மல்லிகா இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்பாகத் தேர்வாளர்களுக்கு வணக்கம் சொன்னாள்.

நானும் பாயும் சமையலறையில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம். அவள் குரல் முதலில் நடுங்கி, பிறகு நிமிர்ந்து, மணல் கோட்டை கட்டிய ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது சிரித்தும்விட்டது. பாய் தயிர்சாதத்தைச் சத்தமில்லாமல் சாப்பிட்டார். நான் கிசுகிசுப்பாக, “நன்றி பாய்” என்றேன். அவர் ஊறுகாயைப் பார்த்துக்கொண்டே, “அந்தப் பிள்ளைய அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றார். அவர் வருந்தியது அந்த மென்பொருளுக்காக.

பாய் இப்போது செங்காங்கில் மகன் வீட்டோடு இருக்கிறார். வாசல் பூட்டு கைப்பேசியில் திறக்கிற ரகம். அதற்கும் இன்னும் வெளியாகாத வெர்ஷனைப் போட்டிருக்கிறாராம். மாதத்தில் ஒருநாள் குடும்பம் மொத்தமும் நடைபாதையில் நின்று பக்கத்து வீட்டாரோடு நெருக்கமாகப் பழகுவதாகக் கேள்வி.

மல்லிகா பட்டயம் வாங்கிய அன்று, வெளியே சாப்பிட்டுவிட்டுப் பேருந்துக்குக் காத்திருந்தோம். மனம் நிறைந்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமை மாலை மூடியை மூடியவன் நான்தான் என்று சொல்லிவிட இதைவிட நல்ல நேரம் வராது என்று தோன்றியது. நீளமாக, உருக்கமாக, ஒரு கட்டுரைக்கு வேண்டிய ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன்.

அவள் பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தபடியே சொன்னாள்: “பாய் வாயால அந்தச் சாமானைக் குறை சொல்லி நீங்க எப்பவாவது கேட்டிருக்கீங்களா? அவர் சொன்ன அன்னைக்கே தெரியும், நீங்கதான்னு. பாவம், அவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு பொய் சொல்றாரே, அவருக்காகத்தான் நம்பினேன்.”