ஜிம்மிக்குத் தைத்த பனியன்

என் கத்தரிக்கு அளவு பிசகாது என்று அந்த நாளில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவேன். (யாரும் கேட்டதில்லை.) அறுபதுகளின் கடைசி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் வேலை. கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன.

மாமனார் திருப்பதிக்குப் புறப்பட்டபோது தன் பொமரேனியன் நாய் ஜிம்மியை எங்களிடம் விட்டுப் போனார். பெண்ணை அனுப்பிவைத்தபோது கலங்காத கண் அன்று கலங்கியிருந்தது.

"மாப்ள, நான் வாரப்ப இது இப்படியே இருக்கோணுங்க."

மார்கழிக் குளிர். மறுநாளே ஜிம்மிக்கு வறட்டு இருமல். தொண்டையில் முள் சிக்கியதுபோல் இருமி, முடிவில் ஓர் ஓக்காளம்.

"மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போலாமுங்க" என்றாள் என் மனைவி சரசு.

"குளுருதான். கதகதப்பா ஒண்ணு போட்டா உட்டுரும்" என்றேன்.

கம்பெனியிலிருந்து, சலவைக்கே போகாத புதுத் துணி கொஞ்சம் கொண்டுவந்தேன். ஜிம்மியின் கழுத்தை இஞ்சு டேப்பால் அளந்து, ஒரு நூல்கூடத் தளர்வு விடாமல் பனியன் தைத்துப் போட்டேன். கழுத்துப் பட்டி புசுபுசு முடிக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியவில்லை. அவ்வளவு கச்சிதம்.

இருமல் நிற்கவில்லை. அடுத்து ஆவி பிடித்தேன். நொச்சித் தழை கொதிக்கும் குண்டாவுக்கு எதிரே ஜிம்மியை மடியில் அமுக்கி, மேலே போர்வை. (பனியனோடுதான். குளிர் பட்டுவிடக் கூடாதே!) இருவரும் தொப்பலாக நனைந்து வெளியே வந்தோம். பனியன் காயட்டும் என்று அடுப்பருகில் படுக்கவைத்தேன். சற்று நேரத்தில் இருமல் நின்றது. பெருமையோடு சரசுவைக் கூப்பிட்டேன்.

அவள் குனிந்து பார்த்தாள். "ஏனுங்க, இருமறதுக்கே இதுக்கு மூச்சில்லீங்க!"

ஜிம்மியின் விலா ஏறி ஏறி இறங்கியது. வாய் பிளந்திருந்தது. நாக்கு நாவல் பழம் தின்றதுபோல் நீலம் பாரித்திருந்தது.

சரசு மடியில் நாயோடு பின்னால் உட்கார, சைக்கிளை மிதித்தேன். "இருக்குதா?" என்று கேட்டுக்கொண்டே போனேன். "இருக்குதுங்க" என்றவள் ஆஸ்பத்திரி வாசலில் பதில் சொல்லவில்லை. முன்னால் ஒரு காங்கேயம் காளை வரிசையில் நின்றது. காளைக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்ததும் கயிற்றை இழுத்து ஒதுங்கினார். "நீங்க போங்க சாமி, மொதல்ல."

டாக்டர் ஜிம்மியின் கழுத்து முடிக்குள் விரலை விட்டார். விரல் நுழையவில்லை. கத்தரியை எடுத்துப் பட்டியை நறுக்கினார். ஜிம்மி உடம்பை உலுக்கி ஒரு மூச்சை இழுத்தது. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

"சாதாரண இருமலுங்க, மருந்து தாரேன். ஆனா கழுத்தை நெரிச்சது இந்தத் துணி. நனைஞ்சு காஞ்சா புதுத் துணி சுருங்குமுங்களே, தெரியாதுங்களா? என்ன வேலை பாக்கறீங்க?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"பனியன் கம்பெனிங்க. கட்டிங் மாஸ்டரு" என்றாள் சரசு.

டாக்டர் மருந்துச் சீட்டில் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

திருப்பதியிலிருந்து திரும்பிய மாமனாரிடம் சரசு ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். அவர் ஜிம்மியின் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அடுத்து வந்த தீபாவளிக்கு என் கையால் தைத்த பனியனை அவருக்குக் கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மகளிடம் நீட்டினார்.

"கண்ணு, இதை நனைச்சுக் காயப்போடு. மொதல்ல மாப்ள ஒரு நாள் போட்டுப் பாக்கட்டும்."

இன்று என் பேரன்கள்கூட நான் வாங்கித் தரும் சட்டையை, முதலில் நனைத்துக் காயப்போடச் சொல்லி என்னிடமே நீட்டுகிறார்கள்.