தூயது தேடியவரின் வாரிசு

உலக நாகரிகத்தைக் கட்டிக் காப்பவை இரண்டு. ஒன்று, ஆங்கிலேயரின் தேநீர். மற்றொன்று, லண்டன் பெர்மண்ட்சியில் இயங்கும் எங்கள் முன்னோர் ஆய்வுக் கழகம். அதற்கு நானே செயலாளர்.

தலைவர் மார்மடியூக் டாட்லி மாமனிதர். உறுப்பினர்களுக்குப் பேசும் நேரத்தை அவரவர் மூதாதையரின் தொழிலைப் பார்த்துத்தான் அளந்து கொடுப்பார். மருத்துவர் வம்சத்துக்குப் பத்து நிமிடம், கொல்லர் வம்சத்துக்கு இரண்டு. டோர்கஸ் பெலோ அம்மாளின் முப்பாட்டி துணி வெளுத்தவர். ஆகவே அம்மாளுக்குத் தேநீர் ஊற்றும் 'பொறுப்பு' அளிக்கப்பட்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, 1851ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் டாட்லி தன் முப்பாட்டனாரைக் கண்டுபிடித்தார். பெயர் எஃப்ரயீம். தொழில்: 'தூயது தேடுபவர்'.

"ஞானிய்யா! எங்க வம்சத்துல ஒரு ஞானி இருந்திருக்காரு!" டாட்லிக்குக் குரல் தழுதழுத்தது.

உடனே 'தூய்மைத் தேடல் வாரம்' அறிவிக்கப்பட்டது. டாட்லி வெள்ளை உடைக்கு மாறினார். காலை உணவில் பன்றி வறுவலைத் துறந்தார். கண்ணை மூடியபடி நடந்து தபால் பெட்டியில் இருமுறை மோதினார். எஃப்ரயீம் வாழ்ந்த தெருவில் பித்தளை நினைவுப் பலகை திறக்கப் பாதிரியாரும் வந்துவிட்டார்.

திரையை விலக்கும் நேரத்தில் டோர்கஸ் அம்மாள் தேநீர்க் கெண்டியோடு முன்னே வந்தார்.

"டாட்லி, அது என்ன தூயதுன்னு யாரையாவது கேட்டீங்களா?"

"ஆன்மாம்மா, ஆன்மா! உங்களுக்கு எங்க புரியப்போவுது?"

"ஆன்மா இல்லீங்க. நாய்ப்பீ."

பாதிரியார் தொப்பியைக் கழற்றினார். ஏனென்று அவருக்கே தெரியவில்லை.

"அப்ப இங்க தெருவுக்குத் தெரு தோல் பதனிடுற கொட்டகை. தோலு சுத்தமாகி மிருதுவாகறதுக்கு அதைத்தான் போடுவாங்க. அதுக்கு அவங்க வச்ச பேருதான் 'தூயது'. உங்க முப்பாட்டன் வாளியும் கையுமாப் பொறுக்கி ஏழு புள்ளைங்கள வளத்தாரு. நல்ல மனுஷன். அவரு சட்டைய வெளுத்தது எங்க முப்பாட்டியாத்தான் இருக்கணும், பாவம்."

டாட்லி தன் வெள்ளைக் கால்சட்டையையே வெறித்துப் பார்த்தார். பிறகு, அங்கேயே அவசரக் கூட்டம் கூட்டினார்.

தீர்மானம்: பலகை இருக்கட்டும், ஞானி ஞானியாகவே நீடிக்கட்டும், 'ஒழுங்கீனத்துக்காக' டோர்கஸ் அம்மாள் நீக்கப்படட்டும்.

அம்மாள் கெண்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. இன்னொரு கையை நானும் தூக்கினேன்.

எஃப்ரயீமாவது வேலை முடிந்ததும் கை கழுவியிருப்பார். நாங்கள் கைதட்டினோம்.